முன் ஃபோர்க் உங்கள் கையை உடைத்த நாள்: நடந்ததை எழுதுங்கள்

செம்மண் முட்டி:
போன ஞாயிறு நடந்தது தலையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன். கோத்தா திங்கி பக்கம், செம்பனைத் தோட்டம், முந்தைய இரவு நல்ல மழை. என் மண்பாதை மோட்டார் சைக்கிளை ஜோகூரில் நண்பரின் ஸ்டோரில்தான் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலமே போய் முன் டியூப் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு எல்லாம் தயார். காலையில் முதல் இறக்கத்திலேயே தெரிந்துவிட்டது, ஏதோ சரியில்லை. வேரின் மேல் சக்கரம் ஏறுகிறது, ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்து அதிர்வைத் தாங்கும் இரண்டு கால்கள், அமுங்கவில்லை. அடி மொத்தமும் மணிக்கட்டுக்கு வருகிறது.

ஃபோர்க் அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரெஷன் திருகை இரண்டு கிளிக் திறந்தேன். கொஞ்சம் தேவலை போல இருந்தது. இருந்ததா, நானே நினைத்துக்கொண்டேனா தெரியாது. இன்னும் இரண்டு. அப்புறம் நான்கு. பத்து மணிக்குள் திறக்க மேற்கொண்டு கிளிக்கே இல்லை, ஃபோர்க் அதே கல்.

மத்தியானம் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து தண்ணீர் போத்தலைத் திறக்கப் போனேன். இடது கட்டைவிரலில் உணர்ச்சி இல்லை. மூடி நகரவில்லை. கடைக்கார அம்மா போத்தலை வாங்கி, ஒரே திருகில் திறந்து, ஒன்றும் சொல்லாமல் திரும்பக் கொடுத்தார். எனக்கு 39 வயது. அந்த மூடி திறந்த சத்தம் இன்னும் கேட்கிறது. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

கிளிக் கணக்குப்பிள்ளை:
ஆகியிருக்கிறது. குலாய் பக்கம், லாரித் தடத்தில் வரிசையாகக் குழிகள். முதல் குழி மெத்தை, இரண்டாவது பரவாயில்லை, ஐந்தாவதில் சுவரில் மோதிய மாதிரி. நிறுத்திப் பார்த்தால், எவ்வளவு ஆழம் அமுங்குகிறது என்று பார்க்க ஃபோர்க்கில் கட்டியிருந்த கேபிள் டை கிட்டத்தட்ட அடியில் கிடந்தது. கடினமாக இருந்த ஃபோர்க் எப்படி அவ்வளவு ஆழம் போனது? அன்றைக்குத்தான் எனக்கு மண்டையில் உறைத்தது.

சகோதரரே, நீங்கள் தொட்டது தப்பான திருகு. ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஃபோர்க் திரும்ப மேலே வரும் வேகம், மெதுவாக இருந்தால் ஃபோர்க் அமுங்கிவிட்டு மேலே வருவதற்குள் அடுத்த குழி வந்துவிடும். ஒவ்வொரு குழிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழேயே தங்கி, கடைசியில் பயணம் (அமுங்குவதற்கான தூரம்) மிச்சம் இல்லாமல் கல் போல நிற்கும். கைக்கு அது 'கடினம்' என்று தெரியும். நாமும் கம்ப்ரெஷனைத் திறப்போம், அது இன்னும் ஆழமாக உட்காரும், இன்னும் மோசமாகும். செய்ய வேண்டியது ரீபவுண்டை இரண்டு கிளிக் திறப்பது.

அதற்கும் முன்னால், எண்ணுங்கள். திருகை மெதுவாக முழுக்க மூடுங்கள், முட்டியதும் நிறுத்துங்கள், அழுத்தி இறுக்கினால் ஊசி கெட்டுப்போகும். அங்கிருந்து வெளியே எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதி வையுங்கள். நான் மாஸ்கிங் டேப்பில் எழுதி ஏர்பாக்ஸ் மூடிக்கு உள்ளே ஒட்டியிருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு திருகுதான், ஒரே வழியில் திரும்பவும் ஓட்டித்தான் தீர்ப்பு. பின்பக்க சேக், அதாவது ஆள் உட்கார்ந்ததும் வண்டி இறங்கும் அளவு, பார்த்தீர்களா? 300 மில்லிமீட்டர் பயணம் உள்ள வண்டியில் ஆள் முழு உடுப்போடு உட்கார்ந்தால் 100 சொச்சம் இறங்க வேண்டும். பின்னால் சரியில்லை என்றால் முன்னால் எதைத் திருகியும் பிரயோசனம் இல்லை. உங்கள் எடை என்ன? காலையில் வண்டி ஏறுவதற்கு முன் ஃபோர்க்கில் சேர்ந்த காற்றைத் திறந்து விட்டீர்களா? முன் சக்கரம் தரையைத் தொடாதபோதுதான் விட வேண்டும். இதெல்லாம் செய்யாமல் 'கல்' என்று எழுதினால் யார் என்ன சொல்ல முடியும்?

நாற்பத்தெட்டு கிலோ:
கணக்குப்பிள்ளை அண்ணன் கடைசியில் கேட்ட எடை விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கோபம் இருக்கிறது.

சிங்கப்பூர் உபியில் ஒரு கடை. ஃபோர்க் சர்வீஸ் செய்து எனக்கு ஏற்ற மாதிரி அமைத்துத் தரச் சொன்னேன். துணைக்கு வந்த தம்பி பக்கத்தில் போன் பார்த்துக்கொண்டு நின்றான். மெக்கானிக் என் தலைக்கு மேலாக அவனைப் பார்த்து, "எத்தனை கிலோ?" என்றார். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "82" என்றான். நான் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்! அவர் எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் கூப்பிட்டுத் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அந்த வாரம் ஒரு சின்ன வாய்க்கால் குதித்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை, தோட்டத்து வடிகால்தான். இறங்கியபோது முன்பக்கம் ரப்பர் பந்து மாதிரி திரும்ப எகிறி, ஹேண்டில்பார் என் தாடைக்காப்பில் இடித்தது. கேபிள் டை பாதி தூரம்கூட இறங்கவில்லை. பிறகு வேறு இடத்தில் திறந்து பார்த்தால் உள்ளே 0.46 ஸ்பிரிங் (எண் கூடினால் ஸ்பிரிங் கெட்டி), அதன் மேல் கூடுதலாக எண்ணெய் வேறு. 0.42 போட்டு, எண்ணெய் மட்டத்தைக் கீழே கொண்டுவந்த பிறகுதான் அது என் வண்டி ஆனது. கிளிக்கர் ஸ்பிரிங்கை மாற்றாது அண்ணே, எண்ணெய் ஓடும் வேகத்தைத்தான் மாற்றும். உங்கள் நீளமான பதிலில் அந்த ஒரு வரி இல்லை.

டூஸ்ட்ரோக் தாத்தா:
பிள்ளைகளா, எங்கள் காலத்து ஃபோர்க்கில் கிளிக் எல்லாம் கிடையாது. எண்ணெய்தான் எல்லாமே. கெட்டியா, இளக்கமா, எவ்வளவு. அவ்வளவுதான்.

எனக்கு எண்ணெயில்தான் கண்டம் வந்தது. தேசிய சேவை முடித்த புதிதில் ஒரு பழைய 125 வாங்கி, நானே எண்ணெய் மாற்றினேன். கையேட்டில் மேல் விளிம்பிலிருந்து 120 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. பள்ளிக்கூட ரூலர் வைத்து அளந்தேன், ரொம்பத் துல்லியமாக. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது அதற்கு முந்தைய பக்கத்தில் இருந்திருக்கிறது. நான் நீட்டி நிறுத்தி அளந்தேன். எவ்வளவு எண்ணெய் கூடுதலாகப் போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கையால் அமுக்கிப் பார்த்தேன், வழக்கம் போலத்தான் இருந்தது. கையால் அமுக்கினால் முதல் கொஞ்ச தூரம்தானே போகும். முதல் மேட்டில் குதித்து இறங்கியபோது ஃபோர்க் பாதி வழியில் அப்படியே நின்றது. உள்ளே காற்றுக்கு இடமே இல்லை. எண்ணெய் அமுங்குமா? ஒரு சத்தம், அப்புறம் சூடான எண்ணெய் வாடை. இடது பக்க சீல் போய், எண்ணெய் முழுக்கப் பிரேக் டிஸ்க்கில். முன் பிரேக்கைப் பிடிக்கிறேன், லீவர் வருகிறது, வண்டி நிற்கவில்லை. எதிரே வேலி. எல்லோரும் வேலியைப் பற்றிக் கேட்பார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது அந்த லீவர் சாதுவாகக் கைக்குள் வந்ததுதான்.

நாற்பத்தெட்டு கிலோ சொன்ன "கூடுதல் எண்ணெய்" இதற்குத் தம்பிதான் அம்மா. மேலே காற்றுக்கு இடம் குறையக் குறைய, பயணத்தின் கடைசிப் பகுதி கெட்டிப்படும். 5 மில்லிமீட்டர் வித்தியாசமே தெரியும்.

காற்றடைத்த பையன்:
இங்கே எல்லோரும் ஸ்பிரிங் ஆட்கள் போல. என்னுடையது ஏர் ஃபோர்க், டபிள்யூபி ஏஇஆர் 48. காற்றுதான் ஸ்பிரிங். பெட்ரோல் நிலையத்து பம்ப் உதவாது, 10 பார் பக்கம் வேண்டும், அதற்கென்று இருக்கும் சின்ன கைப்பம்ப்தான்.

வண்டி ஒரு நண்பரின் தொழிற்கூடத்தில் நிற்கிறது, ஏர்கான் 24 டிகிரி. அங்கேயே காற்றடித்து, லாரியில் ஏற்றி, வெயிலில் 34 டிகிரிக்குக் கொண்டுபோனேன். 10 டிகிரி ஏறினால் அழுத்தம் சுமார் 0.37 பார் கூடும் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு அது தெரியாது. முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு திரும்ப மறுத்தது. சரி, பார்ப்போமே என்று பம்பை மாட்டினேன். மீட்டர் குறைவாகக் காட்டியது! இன்னும் அடித்தேன். மாட்டும்போது ஃபோர்க்கில் இருக்கும் காற்று கொஞ்சம் பம்ப் குழாய்க்குள் போய்விடும், அதனால்தான் குறைவாகக் காட்டும் என்று அங்கிருந்த ஒருவர் சொன்னபோது நான் மூன்றாவது தடவையாக அடித்து முடித்திருந்தேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருக்கலாம்.

தாத்தா, ஒரு சந்தேகம்: வேலி என்ன ஆனது?

மெதுவாகப் போறவன்:
முட்டி அண்ணே, எல்லோரும் திருகு, ஸ்பிரிங், காற்று என்று போய்விட்டார்கள். "முன் டியூப் மாற்றி" என்று நீங்கள் ஒரே மூச்சில் தாண்டிப் போன இடத்தில்தான் எனக்குக் கண் நின்றது.

எனக்கும் இதேதான் நடந்தது. தோட்டத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், ஒரு மலாய் மெக்கானிக், பெரியவர். நான் கிளிக் கதையெல்லாம் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். பிறகு முன் பிரேக்கைப் பிடித்து ஒரு தடவை அமுக்கினார், காதைச் சாய்த்து. ஒரு ஸ்பேனர் எடுத்து ஃபோர்க் அடியில் ஆக்ஸிலைப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டுகளை ஒரு பக்கம் தளர்த்தினார். நாலு தடவை அமுக்கினார். இறுக்கினார். "சுடா," என்றார். முடிந்தது என்று அர்த்தம். காசு வாங்கவில்லை. அதற்கு முன் ஆறு வாரம் நான் கிளிக் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது ஆக்ஸில் நட்டை இறுக்கிய கையோடு இரண்டு பக்கப் பிஞ்ச் போல்ட்டையும் இறுக்கினால், ஃபோர்க் கால்கள் இரண்டும் கொஞ்சம் உள்ளேயோ வெளியேயோ இழுபட்டு நின்றுவிடும். புஷ்ஷில் உராய்ந்துகொண்டு எப்படி அமுங்கும்? சின்ன அடிக்கு அசையாது, பெரிய அடிக்குத் திடீரென்று போகும். நட்டை இறுக்கி, ஒரு பக்கத்தைத் தளர்வாக விட்டு, பிரேக்கைப் பிடித்து அமுக்கி, கால் தானாக இடம் பார்த்து உட்கார்ந்த பிறகு அந்தப் பக்கத்தை இறுக்க வேண்டும்.

கிளிக் கணக்குப்பிள்ளை:
பிஞ்ச் போல்ட் எல்லாம் அடிப்படை, சொல்லத் தேவையில்லை என்றுதான் விட்டேன். ரீபவுண்ட் பற்றி நான் சொன்னது அப்படியேதான் நிற்கிறது. கிளிக்கர் ஸ்பிரிங்கை மாற்றும் என்று நான் எங்கும் எழுதவில்லை, திரும்பப் படித்துப் பாருங்கள்.

நாற்பத்தெட்டு கிலோ:
படித்தேன் அண்ணே. இரண்டு தடவை. நீளமாக இருந்தது.

டூஸ்ட்ரோக் தாத்தா:
வேலிக்கு ஒன்றும் ஆகவில்லை.

செம்மண் முட்டி:
இன்று காலை உட்லண்ட்ஸ் வழியாக எல்லை தாண்டிப் போய் ஸ்டோரைத் திறந்தேன். மெதுவாகப் போறவர் சொன்ன மாதிரி வலது பக்கப் போல்ட்டுகளைத் தளர்த்தி, பிரேக்கைப் பிடித்து அமுக்கினேன். முதல் அமுக்கில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் 'டொக்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் ஆக்ஸிலில் போன வாரத்துச் செம்மண் ஒரு வட்டமாகக் காய்ந்திருக்கிறது, அதற்கும் ஃபோர்க் காலுக்கும் நடுவில் பளபளவென்று புதிதாக ஓர் இடைவெளி. 3 மில்லிமீட்டர் இருக்கும். கால் அவ்வளவு நகர்ந்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கிளிக்கை எங்கே திரும்ப வைப்பது என்றுதான் தெரியவில்லை. எத்தனையில் ஆரம்பித்தேன் என்று எழுதி வைக்கவில்லை (கணக்குப்பிள்ளை, ஆரம்பிக்காதீர்கள்). கையேட்டைப் பார்த்து மூடியதிலிருந்து 12-இல் வைத்திருக்கிறேன். ஓட்டிப் பார்க்க முடியவில்லை, மழை கொட்டுகிறது.

நாற்பத்தெட்டு கிலோ, ஸ்பிரிங் மாற்ற எத்தனை வெள்ளி ஆனது? எடை கேட்டிருந்தார்கள் அல்லவா. 91.