மறு: பிட்சரைப் போட்டுப் பிழிவதற்குத் தமிழில் என்ன சொல்?

அனுப்புநர்: வி.கு., தெம்பனிஸ்

அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்தில் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் ஆடும் பிள்ளைகளின் பெற்றோருக்காக நான்கு மொழிகளிலும் ஒரு துண்டறிக்கை போடுகிறோம். தமிழ்ப் பக்கம் தொண்டூழியராக என் தலையில் விழுந்திருக்கிறது. மற்றதெல்லாம் எழுதிவிட்டேன். ஓர் இடத்தில் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அணியில் நன்றாக எறிகிற பிள்ளை ஒன்றுதான் இருக்கும். ஒவ்வோர் ஆட்டத்திலும் அதையே முதல் பிட்சராக (பந்தெறிபவராக) இறக்கி, கடைசிவரை நிறுத்தி, மறுநாளும் கூப்பிடுவது. இதற்கு ஆங்கிலத் தாளில் ‘ஓவர்யூஸ்’ என்று ஒரே சொல்தான். தமிழில் ‘மிகைப்பயன்பாடு’ என்று ஒருவர் எழுதித் தந்தார். தண்ணீர்க் கட்டண ரசீதில் அச்சடிக்க வேண்டிய சொல் அது.

யாருக்காக இது என்றும் சொல்லிவிடுகிறேன். என் மகளோடு படிக்கும் பையன் ஒருவன் காலையில் பள்ளி அணிக்கு எறிகிறான், மாலையில் வெளி அணிக்கு எறிகிறான். இரண்டு பயிற்றுவிப்பாளர்கள், இவர் கணக்கு அவருக்குத் தெரியாது. நடுவில் முழங்கையைப் பனிக்கட்டிப் பைக்குள் செருகிக்கொண்டு, இடது கையால் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். அவன் அம்மா தமிழ்தான் வாசிப்பார். அவருக்குப் புரிய வேண்டும்.

வி.கு.

—

அனுப்புநர்: சு.இரா., அங் மோ கியோ

தங்கச்சிக்கு,

‘மிகைவீச்சு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்துவீச்சாளர், வேகப்பந்துவீச்சு எல்லாம் ஏற்கெனவே புழங்குகிற சொற்கள். புதிதாக வேர் தேடி அலைய வேண்டாம். ‘இணையம்’ நிலைத்ததற்குக் காரணம், சொன்னவுடனே வாயில் நின்றது. நம்மூர் நா. கோவிந்தசாமியின் கொடை என்று அதைச் சொல்வார்கள். அந்த அளவுகோலை மறக்கக்கூடாது.

சு.இரா.

—

அனுப்புநர்: அ.ந., பொங்கோல்

ஐயாவுக்கு வணக்கம். அக்கா கேட்டது என் பலவீனமான இடம். அமெரிக்க ஆட்டம் இங்கே காலை நேரத்தில் வரும். கோப்பியோடு பாதி ஆட்டம், மீதி எம்ஆர்டி ரயிலில் கைப்பேசியில். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

‘மிகைவீச்சு’ எனக்கு இரண்டு இடத்தில் ஒட்டவில்லை.

முதலில் ‘வீச்சு’. அது கிரிக்கெட் வீட்டுப் பிள்ளை. கிரிக்கெட்டில் பந்தை விடும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நீண்டால் குற்றம். ‘எறியுறான்’ என்றுதான் திட்டுவார்கள். முரளிதரன் அந்தச் சொல்லால் எவ்வளவு பாடுபட்டார் என்று நம் ஆட்களுக்குத் தெரியும். பேஸ்பாலில் அந்தக் குற்றம்தான் ஆட்டமே. தோள் பின்னுக்கு முறுகி, மடங்கிய முழங்கை வெடுக்கென்று நீள்கிறது. அந்த வெடுக்கில்தான் முழங்கையின் உட்பக்கம் எலும்போடு எலும்பைக் கட்டியிருக்கும் நார் நைகிறது. கிரிக்கெட் வேகப்பந்துக்காரருக்குப் பெரும்பாலும் முதுகு போகும். பிட்சருக்குப் போவது முழங்கையும் தோளும். காயம் எங்கே வருகிறது என்பதை ‘எறி’ என்ற வேர் சொல்லிவிடுகிறது, ‘வீச்சு’ மறைத்துவிடுகிறது. ஆகவே பிட்சர் ‘எறிநர்’. ஓட்டுநர், இயக்குநர் வரிசையில் சேர்ந்துகொள்ளும். ஆட்டத்தைத் தொடங்குபவர் ‘முதல் எறிநர்’, பிறகு வருபவர் ‘மாற்று எறிநர்’. நட்சத்திர எறிநருக்குத் தனிச்சொல் தேவையில்லை, நட்சத்திரமே போதும்.

அந்த நார் அறுந்தால் 1974 வரை கதை முடிந்தது என்றுதான் அர்த்தம். அந்த ஆண்டு செப்டம்பரில் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற எறிநருக்கு அவருடைய மற்றொரு முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து முழங்கையில் கோத்தார். அவர் 1976-இல் திரும்பி வந்து 1989 வரை எறிந்தார். அறுவைச் சிகிச்சைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ‘அறுந்தால் தைத்துக்கொள்ளலாம்’ என்ற தைரியமும் அதோடு சேர்ந்து வந்தது. பிள்ளைகளின் பெற்றோர்கூட இன்று அப்படிப் பேசக் கேட்கிறேன். திரும்பி வர ஓராண்டுக்கு மேல் ஆகும், எல்லாரும் திரும்புவதும் இல்லை.

இரண்டாவது சங்கடம் பெரிது. ‘மிகைவீச்சு’ என்றால் பையன்தான் அளவுக்கு மீறி வீசினான் என்று ஆகிறது. வீசச் சொன்னவர் சொல்லிலேயே இல்லை. இந்தச் சங்கதியில் எழுவாய் யார் என்பதுதான் முழு வழக்கும்.

ஜப்பானைப் பாருங்கள். அங்கே கோஷியன் என்ற உயர்நிலைப் பள்ளிப் போட்டி என்றால் ஊரே தொலைக்காட்சி முன் உட்காரும். 1998 கோடையில் டைசுகே மட்சுசாக்கா காலிறுதியில் 17 இன்னிங்ஸ் (மூன்று பேரை அவுட்டாக்கினால் ஒன்று, வழக்கமாக ஆட்டத்துக்கு ஒன்பது), 250 பந்து எறிந்தார். மறுநாள் கட்டுப் போட்ட கையோடு கடைசி இன்னிங்ஸுக்கு வந்தார். அதற்கு அடுத்த நாள் இறுதியாட்டத்தில் எதிரணிக்கு ஓர் ‘ஹிட்’கூட (பந்தை அடித்துத் தளம் ஏறுவது) கொடுக்கவில்லை. நாடு கொண்டாடியது. 2018-இல் கோசெய் யொஷிடா என்ற பையன் ஒரே கோடைப் போட்டியில் 881 பந்து எறிந்தார். அப்போதும் கண்ணீர் மல்கக் கைதட்டினார்கள். ஆனால் முணுமுணுப்பும் கிளம்பியது. 2020 முதல் ஒருவருக்கு வாரத்துக்கு 500 பந்து என்று வரம்பு வந்தது. என் கணக்கில் அதுவே தாராளம்.

நடுவில் 2019. இவாத்தே மாநிலத்தில் ஒஃபுனாட்டோ என்ற அரசுப் பள்ளி. அது கோஷியனுக்குப் போய் 35 ஆண்டு ஆகியிருந்தது. அங்கே ரோக்கி சசாக்கி என்ற பையன், மணிக்கு 160 கிலோமீட்டர் எறிபவன். கோஷியனுக்கான மாநிலத் தகுதிப் போட்டியில், நான்காம் சுற்றில் 12 இன்னிங்ஸ், 194 பந்து. மூன்று நாள் கழித்து அரையிறுதியில் 129. அடுத்த நாளே இறுதி. பயிற்றுவிப்பாளர் அவனை இறக்கவே இல்லை. 12-2 என்று தோற்றார்கள். பள்ளிக்குத் தொலைபேசியில் வசவு வந்து குவிந்தது. அந்தக் கை 2022 ஏப்ரலில் 105 பந்தில், ஒருவரைக்கூடத் தளத்தில் ஏறவிடாமல், 19 பேரை ‘ஸ்ட்ரைக் அவுட்’ செய்து ஆட்டத்தை முடித்தது. அடுத்த ஆட்டத்திலும் எட்டு இன்னிங்ஸ் அப்படியே போய்க்கொண்டிருந்தது. 102 பந்தில் நிர்வாகி எடுத்துவிட்டார். அன்று என் கோப்பி ஆறிப்போனது வேறு கதை.

ஒரு பயிற்றுவிப்பாளர் எறியவைத்தார், இன்னொருவர் எறியவைக்கவில்லை. வேறுபாடு இதில்தான் இருக்கிறது. தமிழில் இதற்கென்றே பிறவினை இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்? செய்வி, வருவி, எறிவி. ஆகவே நான் முன்வைப்பது ‘மிகையெறிவிப்பு’.

கூடவே இன்னும் இரண்டு சொல் வேண்டும், இல்லாவிட்டால் துண்டறிக்கை ஓடாது. ஓர் ஆட்டத்தில் எத்தனை பந்து என்பது ‘எறியெண்’. அது போதாது. ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடாக்க எறிவது, இன்னிங்ஸ்களுக்கு இடையில் எறிவது, செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் எறிவது, மாலை அணிக்கு எறிவது எதுவும் எறியெண்ணில் வராது. கைக்கு எல்லாம் ஒன்றுதான். அந்த மொத்தத்தை ‘எறிசுமை’ என்போம்.

எண்ணிக்கை மட்டும் பேசினால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு ஒரு சான்று. சேண்டி கோஃபேக்ஸ் 1965-இலும் 1966-இலும் ஆளுக்கு... மன்னிக்கவும், ஆண்டுக்கு 27 ஆட்டங்களைத் தொடக்கம் முதல் முடிவுவரை தானே எறிந்தார். முழங்கை மூட்டுவாதத்தால் 30 வயதில் ஓய்வுபெற்றார். இப்போது அமெரிக்காவின் 30 அணிகளும் சேர்ந்தே ஒரு பருவத்தில் அப்படி நாற்பது ஆட்டங்களை எட்டுவதில்லை. முதல் எறிநர் ஐந்து, ஆறு நாளுக்கு ஒருமுறைதான் வருகிறார், நூறு பந்தில் இறங்கிவிடுகிறார். காயம் குறைந்ததா என்றால் இல்லை. ஏனென்றால் இன்று ஒவ்வொரு பந்தையும் முழு மூச்சோடு எறிகிறார்கள். எண் இறங்கியது, சுமை இறங்கவில்லை.

எதிர்ச்சான்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமில்லை. ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க்கை, அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தவர் என்பதால், வாஷிங்டன் அணி 2012-இல் 159⅓ இன்னிங்ஸோடு உட்காரவைத்தது. அணி கோப்பைப் பந்தயத்தில் இருந்த நேரம். அவர் இல்லாமல் தோற்றது. 2019-இல் அதே ஸ்ட்ராஸ்பர்க் வழக்கமான பருவத்தில் 209, அதற்குப்பின் இன்னும் 36⅓ இன்னிங்ஸ் எறிந்து உலகத் தொடரின் சிறந்த வீரர் ஆனார். 24.5 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. அதன்பின் எறிந்தது மொத்தம் 31⅓ இன்னிங்ஸ். காப்பாற்றியும் போனதா, காப்பாற்றியதால்தான் 2019 வரை வந்ததா, கடைசியில் பிழிந்ததால் போனதா? மூன்றையும் வாதாடலாம். சுமையைக் குறைத்தால் கை கெடவே கெடாது என்று மட்டும் துண்டறிக்கையில் எழுதிவிடாதீர்கள் அக்கா.

அ.ந.

—

அனுப்புநர்: பா.மு., ஜூரோங்

தம்பி, நீங்கள் எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்; ஒலிவாங்கி முன் உட்கார்ந்தவளுக்கு வேறு வழியில்லை. ‘மிகையெறிவிப்பு’ காதில் ‘மிகை அறிவிப்பு’ என்று விழுகிறது. “நேற்றைய மிகையெறிவிப்பால் அவர் இன்று ஆடவில்லை” என்று சொன்னால், யாரோ எதையோ அளவுக்கு மீறி அறிவித்துவிட்டார்கள் என்றுதான் டாக்சி ஓட்டுநர் நினைப்பார்.

பிறவினை வாதம் சரி, அதை விடவேண்டாம். ஆனால் இன்றைய தமிழில் பிறவினையை ‘வை’ போட்டுத்தானே செய்கிறோம்? சாப்பிடவைத்தாள், அழவைத்தான். உங்கள் கடிதத்திலேயே ‘எறியவைத்தார்’ என்று இருக்கிறது, இலக்கணம் பேசும்போதுதான் ‘எறிவிப்பு’ ஆகிறது. ‘அளவுமீறி எறியவைத்தல்’ என்று விட்டால் என்ன? இரண்டு சொல்தான். ஒற்றைச் சொல்லாக இருந்தால்தான் கலைச்சொல் என்பது யார் போட்ட சட்டம்?

‘எறிசுமை’யை நாளைக்கே செய்தியில் சொல்லுவேன்.

பா.மு.

—

அனுப்புநர்: தே.ச., உட்லண்ட்ஸ்

நான் பிசியோ. சொல்லாக்கத்தில் தலையிடவில்லை, இரண்டு விஷயம் மட்டும்.

அ.ந. சொன்ன நார் பெரியவர்களின் கதை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நாருக்கு முன்னால் கெடுவது எலும்பு நுனியில் உள்ள வளர்தட்டு. நார் ஒட்டியிருக்கும் இடத்திலேயே எலும்பு வலிக்கும். ‘வளர்ற வயசு, வலிக்கத்தான் செய்யும்’ என்று வீட்டில் தைலம் தேய்ப்பார்கள். துண்டறிக்கையில் இந்த வரி அவசியம்: முழங்கையின் உட்பக்கம் வலித்தால் எறிவதை நிறுத்துங்கள், மறுபடி வந்தால் காட்டுங்கள்.

இன்னொன்று, வலிக்கு முன்னால் களைப்பு வரும். களைத்த கையோடு எறியும் பிள்ளைகளுக்குத்தான் காயம் பல மடங்கு அதிகம். பார்த்தாலே தெரியும்: வேகம் குறையும், பந்து உயரே உயரே போகும், முழங்கை தோளுக்குக் கீழே இறங்கும், இன்னிங்ஸ் நடுவில் கையை உதறிக்கொண்டே நிற்பான். எறியெண் நாற்பதாக இருக்கட்டும், அன்றைக்கு அவ்வளவுதான். பிட்சராக எறிந்து முடித்தவனைப் பின்னால் உட்கார்ந்து பிடிக்க அனுப்புகிறார்களே, அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். பிடிப்பவன் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறான், அதுவும் சுமைதான்.

சாஃப்ட்பாலில் கீழிருந்து எறிவதால் ஒன்றும் ஆகாது என்பதும் நம்பிக்கை மட்டுமே. தோளின் முன்பக்கம் வாங்கும்.

தே.ச.

—

அனுப்புநர்: சு.இரா., அங் மோ கியோ

வீச்சை வாபஸ் வாங்க மனமில்லை. ஆனால் ‘எறியுறான்’ என்று நானும் திடலோரம் நின்று கத்தியிருக்கிறேன். எறிநர் இருக்கட்டும். ‘எறிவிப்பு’ சொல்லகராதியில் கிடக்கட்டும், யாராவது எடுத்துக்கொள்வார்கள். ‘எறியெண்’ மட்டும் பிள்ளைகள் வாயில் ‘எரி எண்’ ஆகும். எரிவாயு நிறுவனத்தின் எண் என்று நினைப்பார்கள். ‘பந்துக்கணக்கு’ என்று போடுங்கள், கடைக்காரனுக்கும் புரியும்.

சு.இரா.

—

அனுப்புநர்: வி.கு., தெம்பனிஸ்

எல்லாருக்கும் நன்றி. நாளை அச்சுக்குப் போகிறது. இப்படி வைத்திருக்கிறேன்:

“உங்கள் பிள்ளை நன்றாக எறிவதாலேயே அளவுமீறி எறியவைக்கப்படலாம். பந்துக்கணக்கைப் பயிற்றுவிப்பாளரிடம் கேளுங்கள். பள்ளி அணி, வெளி அணி, பயிற்சி எல்லாம் சேர்ந்ததே எறிசுமை. அதை ஒரே நோட்டில் எழுதி, இரு பயிற்றுவிப்பாளர்களிடமும் காட்டுங்கள். அமெரிக்காவின் ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டி ஒரு நாளைக்கு 11–12 வயதுக்கு 85 பந்து, 13–16 வயதுக்கு 95 பந்து என்று வரம்பு சொல்கிறது. 14 வயதுக்குள் உள்ளவர் 66 பந்து எறிந்துவிட்டால் நான்கு நாள் ஓய்வு. கை களைத்தால் அதற்கு முன்பே நிறுத்துங்கள்.”

தே.ச. சொன்ன வலி வரியைத் தனியாகக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறேன். ‘எறியவைக்கப்படலாம்’ கொஞ்சம் நீளம்தான், பா.மு. அக்கா, வாய்விட்டுப் படித்துப் பார்த்து இன்றிரவுக்குள் சொல்லுங்கள். ‘மாற்று எறிநர்’ இந்தத் தாளில் வரவில்லை, அதைத் தனி இழையில் பேசுவோம்.

வி.கு.