ஃப்ளஷ்-க்கு 'மடைதிறப்பு' சரிவருமா?

> பஃபர் = இடையகம், ஃப்ளஷ் = வெளியேற்று. ஏற்கனவே இருக்குறதே போதுமே, புதுசா எதுக்கு?

அண்ணே வணக்கம். சி மொழியில ஃபைலுக்கு எழுதுறத கொஞ்ச நேரம் சேத்து வைக்கிற இடம் பஃபர், அதுல இருக்கத உடனே அனுப்பி விடுறது ஃப்ளஷ். இந்த ஃப்ளஷ்ஷுக்குத் தமிழ்ல 'மடைதிறப்பு'ன்னு வைக்கலாமான்னுதான் கேக்குறேன். இடையகத்தோட எனக்குச் சண்டை இல்ல, ஆனா வெளியேற்று வேணாம்ணே.

போன வாரம் நம்மகிட்ட சி படிக்கிற தம்பி ஒருத்தன், அவங்க அப்பாவுக்கு மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல கமிஷன் கடை, மல்லி வரவ ஃபைல்ல எழுதுற மாதிரி சின்னதா ஒரு புரோகிராம் போட்டிருந்தான். எஃப்ஓபன்ல டபிள்யூ மோடு (ஃபைல எழுதுறதுக்குத் திறக்குறது), லூப்புக்குள்ள எஃப்பிரின்ட்எஃப் (ஃபைலுக்கு எழுதுறது), அவ்ளோதான். விடியக்காலையில இருபது வரி அடிச்சிட்டு கண்ட்ரோல் சி-ய அமுக்கி புரோகிராம நிறுத்திட்டு டீக்குப் போயிருக்கான், வந்து பாத்தா ஃபைல் சைஸ் 0. எழுதுனதெல்லாம் பஃபர்லயே கிடந்து புரோகிராமோட சேந்து போயிருச்சு. லினக்ஸ்ல ஃபைலுக்கு பொதுவா 4096 பைட் நிறைஞ்சாத்தான் தானா வெளிய போகும், இவன் எழுதுனது ஆயிரங்கூடத் தேறாது.

ஒவ்வொரு வரிக்கும் எஃப்ஃப்ளஷ் (ஃப்ளஷ் பண்றதுக்கு சி-ல உள்ள கட்டளை) போடுடான்னேன். "ஃப்ளஷ்ஷா, இருக்கதும் போயிருமேண்ணே"ங்கிறான்! அவனுக்கு டாய்லெட் ஞாபகம். வெளியேற்றுன்னாலும் அதே பயம்தான், தூக்கி வெளிய போடுற மாதிரி இருக்கு.

அப்பத்தான் வண்டியூர் கண்மாயச் சொன்னேன். பஃபர்ங்கிறது கண்மாய், எஃப்பிரின்ட்எஃப் வரத்துக் கால்வாய். நிறைஞ்சா தானா மறுகால் பாயும், நிறையிறதுக்கு முன்னாடியே தண்ணி வேணும்னா நாமதான் மடையத் திறக்கணும். ஒரு நிமிஷத்துல புரிஞ்சிருச்சு அவனுக்கு. (வடக்க ஏரிய தாங்கல்னும் சொல்லுவாங்க, வேடந்தாங்கல் மாதிரி. வேதியியல்ல பஃபர் கரைசலுக்கும் தாங்கல் கரைசல்னுதான் பேரு. இடையகத்துக்குப் பதிலா தாங்கல்னு வச்சாலும் எனக்கு சம்மதம்.)

> எஃப்ஃப்ளஷ் போட்டா டிஸ்க்ல ஏறிரும்னு அர்த்தமில்லையே?

ஆமாண்ணே, அதுக்கும் இந்த உவமை தாங்குது. மடையத் திறந்தா தண்ணி வாய்க்காலுக்குத்தான் வருது, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையமான கெர்னலுக்கு. வயலுக்கு, அதாவது டிஸ்க்குக்குப் பாயணும்னா எஃப்ஸிங்க் வேணும், அது சி ஸ்டாண்டர்ட்லயே கிடையாது, போசிக்ஸ்ங்கிற யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான ஸ்டாண்டர்ட்ல உள்ளது. புரோகிராம் செத்தா எஃப்ஃப்ளஷ் காப்பாத்தும், கரண்ட் போனா அது மட்டும் பத்தாது. அப்புறம் பசங்க ஸ்கேன்எஃப்-க்கு (கீபோர்டுல அடிக்கிறத வாங்குறது) அடுத்து எஃப்ஃப்ளஷ் எஸ்டிடிஇன்-னு, அதாவது உள்ள வர்ற பக்கத்தையே ஃப்ளஷ் பண்ணுன்னு, போடுறாங்க பாருங்க, அது வரத்துக் கால்வாய்ல போய் மடையத் தேடுற கதை, அப்படிப் போட்டா என்ன நடக்கும்னு ஸ்டாண்டர்ட் சொல்லவே இல்ல.

எனக்கே இடிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. ஃபைல மூடுற கட்டளையான எஃப்குளோஸ், மூடும்போதே பஃபர்ல உள்ள மிச்சத்தையும் திறந்து விட்டுருது. வெறும் 'மூடு'ன்னு வச்சா மடைய மூடுறதுன்னு குழம்பிருவாங்க. 'கோப்புமூடு'ன்னு சேத்து வைக்கலாமான்னு பாக்குறேன், வேற நல்லதா தோணுனா சொல்லுங்கண்ணே.