பைத்தானில் மாறியின் தரவு வகையை அறிவது எப்படி?

கேள்வி (பாளையங்கோட்டை):
அல்வாக் கடைக் கணக்குக்காகப் பைத்தான் 3 என்னும் நிரல்மொழியில் எழுதிய நிரலில், எடையாக 5 கிலோ என உள்ளிட்டு விலையான 320 ஆல் பெருக்கினால், 1600 வருவதற்குப் பதிலாக 5 என்ற இலக்கமே 320 முறை வரிசையாக அச்சாகிறது. மாறியில் (மதிப்பைத் தாங்கும் பெயரில்) இருப்பது எண்தானா என்று எப்படிச் சோதிப்பது?

மறுமொழி (தென்காசி):
தட்டச்சிடுவதை இன்புட் என்னும் செயற்கூறு வாங்கித் தருவது எப்போதும் சரம்தான் (எழுத்துத் தொடர்), ஐயா; அதனால்தான் பெருக்கும்போது அது அத்தனை முறை திரும்ப வருகிறது. டைப் என்னும் செயற்கூறுக்குள் மாறியை இட்டு அச்சிட்டால் 'எஸ்டிஆர்' (சரம்) என்று காட்டும். எண்ணாக மாற்றிய பின்பே பெருக்குங்கள். அப்படி மாற்றுவதற்கு இன்ட் முழு எண்ணுக்கு மட்டுமே உதவும்; அரைக் கிலோவும் விற்பீர்கள் அல்லவா, தசம எண்ணாக மாற்றும் ஃப்ளோட்தான் பொருந்தும்.

மறுமொழி (அம்பாசமுத்திரம்):
நிரலுக்குள் நிபந்தனையாகச் சோதிக்க, டைப்பைவிட, மதிப்பு குறிப்பிட்ட வகையைச் சேர்ந்ததா எனச் சொல்லும் ஐஸ்இன்ஸ்டன்ஸ் மேலானது, ஏனெனில் அது துணை வகுப்புகளையும் (அவ்வகையிலிருந்து உருவான வகைகளையும்) ஏற்கும். அதிலேயே ஒரு சிக்கலும் உண்டு: பூலியன் (உண்மை அல்லது பொய் எனும் மதிப்புகளின்) வகை முழு எண் வகையின் துணை வகுப்பாதலால், ட்ரூ (உண்மை) என்ற மதிப்பும் முழு எண்ணாகவே தேறிவிடும்.

கேள்வி கேட்டவர்:
ஃப்ளோட் இட்டதும் 1600.0 வந்தது. நன்றி.