கொல்ல வந்தது யார்? 'டெர்மினேட்டர் 2' பார்த்த கதைகளைச் சொல்லுங்கள்

போன வாரம் என் மகளுக்கு 'டெர்மினேட்டர் 2' போட்டுக் காட்டினேன். வயது பன்னிரண்டு. முந்தைய நாளே முதல் பாகம் காட்டியாகிவிட்டது, இரண்டு மூன்று இடங்களை வேகமாக ஓட்டிவிட்டு. இரண்டாம் பாகத்தைப் பற்றி மட்டும் நான் வாயே திறக்கவில்லை. போஸ்டர் கிடையாது, டிரெய்லர் கிடையாது. இந்தப் படத்தை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படி வீட்டில் ஒருத்தராவது பார்க்கட்டுமே என்று ஆசை.

1984இல் வந்த முதல் பாகத்தில் அர்னால்டு ஸ்வார்ஸ்நேகர்தான் எதிர்காலத்திலிருந்து வந்த கொலை எந்திரம். 1991இல் இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் அவரையே திரும்பக் கூட்டிவந்து, யார் எந்தப் பக்கம் என்று சொல்லாமலே கிட்டத்தட்ட அரை மணி நேரம் படத்தை ஓட்டுகிறார். அர்னால்டு வந்ததும் மதுக்கடையில் ஆட்களைத் தூக்கி எறிந்து உடுப்பையும் மோட்டார் சைக்கிளையும் பிடுங்கிக்கொள்கிறார். இன்னொருவர் ராபர்ட் பேட்ரிக். மெலிந்த உடம்பு, போலீஸ் சீருடை, அளந்த பேச்சு. இருவரும் தேடுகிற சிறுவன் ஜானின் போட்டோவைக்கூட வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுத்தான் வாங்குகிறார். பார்க்கிறவர் யாரை நம்புவார்?

என் மகள் போலீஸ்காரரை நம்பினாள். வணிக வளாகத்தின் பின்புற நடைபாதையில் ஜான் மாட்டிக்கொள்கிற இடம். ஒரு பக்கம் அர்னால்டு, கையில் ரோஜாப் பூப் பெட்டி. பெட்டி திறந்து பூக்கள் கீழே விழ, உள்ளிருந்து துப்பாக்கி வருகிறது. மறுபக்கம் போலீஸ். "அந்தப் பக்கம் ஓடுடா!" என்று கத்திவிட்டாள். அர்னால்டு குனியச் சொல்லிச் சுட்டதும், பையனைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டு குண்டு வாங்கியதும், சத்தமே இல்லை அவளிடம். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, அப்ப முன்னாடி இருந்து எல்லாமே தப்பா புரிஞ்சிக்கிட்டேனா?" என்றாள்.

படம் வந்த காலத்தில் டிரெய்லரிலேயே இதைப் போட்டு உடைத்துவிட்டார்கள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. தெரியாமல் பார்த்தவர்கள் யாராவது உண்டா? உங்கள் கதையையும் எழுதுங்கள்.

* * *

எனக்கு நடந்தது தலைகீழ். முதலில் பார்த்ததே இரண்டாம் பாகம். எட்டு ஒன்பது வயசு இருக்கும். அர்னால்டுதான் என் காவல் தெய்வம். அப்புறம் ஒரு நாள் மாமா முதல் பாகத்தைக் கொண்டுவந்தார். ஓ, இன்னொரு படமும் இருக்கா என்று சந்தோஷமாக உட்கார்ந்தேன். அர்னால்டு காவல் நிலையத்துக்குள் புகுந்து ஒருத்தர் விடாமல் சுட்டுக்கொண்டே போகிறார், நானோ இப்பத் திருந்துவார், இப்பத் திருந்துவார் என்று காத்துக்கொண்டே இருக்கிறேன். கடைசிவரை திருந்தவே இல்லை. மாமா மேல் ஒரு வாரம் கோபம்.

முதல் பாகம் வெறும் 64 லட்சம் டாலரில் எடுத்தது. அந்த டண்-டண் இரும்புத் தாளத்தை இசையமைப்பாளர் பிராட் ஃபீடல் வாணலியைத் தட்டி உண்டாக்கினார் என்று பிற்பாடு படித்தேன். இரண்டாம் பாகத்துக்குச் செலவு சுமார் பத்து கோடி டாலர், அந்தக் காலத்தில் அதைவிடச் செலவான படம் இல்லை என்றார்கள். தாளம் மட்டும் மாறவில்லை பாருங்கள், எனக்கு அதுதான் பிடித்தது.

* * *

நான் ஒலிப்பதிவு வேலை பார்க்கிறவன், அதனால் என் கதை காது சம்பந்தப்பட்டது. மனநல மருத்துவமனையில் டி-1000, அதாவது அந்தப் போலீஸ் உடுப்பு போட்ட திரவ உலோக எந்திரம், கம்பிக் கதவுக்குள் உடம்பை நுழைத்து அந்தப் பக்கம் வருமே, அந்த இடம். முகம் கம்பிகளுக்கு நடுவே பிதுங்கி வழிந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிற ஒரு சத்தம், ஈரமாக, கெட்டியாக. பல வருஷம் இது சிந்தசைசர் என்றே நினைத்தேன். ஒரு நாள் வீட்டு நாய்க்கு டப்பா உணவைத் திறந்து தட்டில் கவிழ்க்கிறேன், அது மெதுவாக வழுக்கி விழுகிறது, அதே சத்தம்! ஓடிப்போய்த் தேடினால், படத்தின் ஒலி வடிவமைப்பாளர் கேரி ரைட்ஸ்ட்ரம் செய்ததே அதுதான். நாய் உணவு டப்பாவிலிருந்து வழுக்கி வரும் ஓசையைப் பிடித்து வைத்திருக்கிறார். படம் வாங்கிய நான்கு ஆஸ்கரில் இரண்டு ஒலிக்கு. சும்மாவா கொடுத்தார்கள்!

அதே ஷாட்டில் இன்னொன்று. உடம்பு முழுக்கக் கம்பியைத் தாண்டிவிடும், கையில் இருக்கும் துப்பாக்கி மட்டும் 'டங்' என்று கம்பியில் மாட்டும். கையைத் திருப்பி அதை உருவிக்கொண்டு நடக்கும். அது திரவம், துப்பாக்கி திடம் என்று ஒரு வசனம் வைத்து விளக்கியிருக்கலாம். அந்த ஒரு 'டங்' போதும் என்று விட்டுவிட்டார்கள்.

* * *

எல்லாரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

ஆளைக் கொல்லக் கூடாது என்று பையன் சத்தியம் வாங்குகிறான். சரி. அடுத்த நிமிடமே நம்ம ஆள் காவலாளியின் இரண்டு முழங்காலிலும் சுட்டுவிட்டு, பிழைத்துக்கொள்வான் என்கிறார். தியேட்டரே சிரித்தது, நானும்தான் சிரித்தேன். சமீபத்தில் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு படுத்திருந்தபோது மறுபடி பார்த்தேன். சிரிப்பு வரவில்லை சாமி.

அடுத்து, உயிருள்ள தசை சுற்றியிருந்தால்தான் காலம் தாண்டி வர முடியும், அதனால்தான் ஆயுதம் கொண்டுவர முடியவில்லை என்று முதல் பாகத்தில் சொன்னார்களே. டி-1000 முழுக்க முழுக்க உலோகம். அது எப்படி வந்தது? பையன் எந்திரத்துக்குத் தெருப்பேச்சு சொல்லிக்கொடுக்கிற காட்சிகளும் எனக்கு ஒட்டவில்லை. துரத்தல் காட்சிகளில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

* * *

மேலே கேட்ட சகோ, அந்த உலோகக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்கு வந்ததே நாலாவது தடவை பார்த்தபோதுதான்.

எங்கள் வீட்டுக் கதை வேறு. ஜானின் வளர்ப்புத் தாய் போனில் பாசமாகப் பேசுகிறாள், எப்போ வருவே என்று கேட்கிறாள். பக்கத்தில் நிற்கும் அர்னால்டு போனை வாங்கி ஜானின் குரலிலேயே நாயின் பெயரை மாற்றிச் சொல்லிக் கேட்கிறார், அந்தப் பக்கம் பதில் சரளமாக வருகிறது. போனை வைத்துவிட்டு, வளர்த்தவர்கள் செத்துவிட்டார்கள் என்கிறார். அங்கே வளர்ப்புத் தாயின் உருவில் இருக்கும் டி-1000இன் கை நீண்ட கத்தியாகி, பால் அட்டைப்பெட்டியைத் துளைத்து, குடித்துக்கொண்டிருந்த கணவனையும் சேர்த்துக் குத்தியிருக்கும். அதன் பிறகு பல மாதம் அண்ணன் போன் பண்ணினால் நான் இல்லாத நாயின் பெயரைச் சொல்லி நலம் விசாரிப்பேன். "எந்த நாய்டி?" என்று திட்டினால்தான் நிம்மதி.

* * *

கல்லூரியில் படிக்கும்போது பார்த்தப்ப எனக்கு இது அர்னால்டு படம். பையன் பிறந்த பிறகு பார்த்தேன், ஜானின் அம்மா சாரா கானர் படமாக மாறிவிட்டது.

மருத்துவமனையிலிருந்து தப்பித்துக் காரில் போகிறார்கள். சாரா மகனை இழுத்து அணைக்கிறாள். பையனும் அம்மா கட்டிப்பிடிக்கிறாள் என்று சாய்கிறான். அவள் கட்டிப்பிடிக்கவில்லை, காயம் இருக்கிறதா என்று தலை, நெஞ்சு, முதுகு எல்லாம் தடவிச் சோதிக்கிறாள். சோதித்து முடித்ததும் திட்டு, என்னைக் காப்பாற்ற ஏன் வந்தாய் என்று. பையனுக்குக் கண் கலங்குகிறது. கண்ணுக்கு என்ன ஆச்சு என்று கேட்பது யார் தெரியுமா? எந்திரம். என் மகன் மரத்திலிருந்து விழுந்த அன்று நானும் கை காலைத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் முதுகில் ஒன்று வைத்தேன். அவன் அழுதது விழுந்ததற்கு இல்லை.

அப்புறம் டைசன் வீட்டுக் காட்சி. எதிர்காலத்தில் மனிதர்களை அழிக்கப்போகும் ஸ்கைநெட் கணினிக்கு அடிப்படையான சில்லை உருவாக்கிக்கொண்டிருக்கும் பொறியாளர், ராத்திரி கணினி முன் உட்கார்ந்து வேலை செய்கிறார். சாரா தூரத்தில் துப்பாக்கியோடு. சிவப்புப் புள்ளி அவர் முதுகில் ஏறுகிறது. அந்த நேரம் பார்த்து அவருடைய குட்டிப் பையன் ஓட்டிய ரிமோட் பொம்மை வண்டி காலில் வந்து முட்ட, குனிகிறார், குண்டு தப்பிவிடுகிறது. அதன்பின் அவள் வீட்டை நோக்கி நடக்கிறாளே, லிண்டா ஹாமில்டனின் அந்த நடையைக் கவனியுங்கள். முதல் பாகத்தில் அர்னால்டு நடந்த நடை. இறுகிய முகம், நேர்கோடு, நிறுத்தாமல் சுடுவது. முதல் பாகத்தில் இவளைத் தேடி வந்த எந்திரத்துக்கும் இவளுக்கும் அந்த இரண்டு நிமிடம் வித்தியாசமே கிடையாது. பையன் ஓடிவந்து அப்பா மேல் விழுகிறான். துப்பாக்கி கையில் இருக்க, விசையை அழுத்த முடியாமல் சுவரில் சாய்ந்து அப்படியே சரிகிறாள். கொல்ல வந்தது யார் என்று தலைப்பில் கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், அந்த வீட்டில் அது சாராதான்.

* * *

நான் வரைகலைக்காரன். இந்தப் படத்தைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கே வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, 137 நிமிடப் படத்தில் கணினி வரைகலை ஐந்து நிமிடத்துக்குச் சுற்றித்தான் என்று. ஐ.எல்.எம். என்ற வரைகலை நிறுவனத்து ஆட்கள் 1989இல் கேமரூனுக்காகவே 'தி அபிஸ்' படத்தில் தண்ணீர் முகம் ஒன்று செய்திருந்தார்கள், அந்தத் தண்ணீர்தான் இங்கே உலோகமாயிற்று. மற்றதெல்லாம் ஸ்டான் வின்ஸ்டன் பட்டறையின் பொம்மைகள், ஒப்பனை, இரட்டைப் பிறவிகள்.

ஆமாம், இரட்டையர்கள்! காவலாளி எந்திரத்தில் காப்பி பிடிக்கிறார், பின்னால் கட்டம் போட்ட தரை எழுந்து அவர் உருவமே ஆகிறது, திரும்பினால் எதிரே அவரே. வரைகலை என்று சத்தியம் செய்திருப்பேன். தரை எழுவது மட்டும் வரைகலை, எதிரே நிற்பது அவருடைய சொந்த இரட்டைச் சகோதரர். எஃகு ஆலையில் இரண்டு சாரா வரும் இடத்திலும் லிண்டாவின் இரட்டைச் சகோதரிதான் நின்றார். மேம்பாலத்துக்கு அடியில் பறக்கிற ஹெலிகாப்டரும் ஒரு விமானி நிஜமாக ஓட்டியது.

2003, 2009, 2015, 2019 என்று அடுத்தடுத்து வந்த பாகங்களையும் கடமைக்குப் பார்த்தேன். என்னைப் போன்றவர்களுக்கு நிறைய வேலை கொடுத்த படங்கள், அதனால் ரொம்பத் திட்ட மனசில்லை. ஆனால் எதுவும் எடையோடு விழவில்லை. இங்கே லாரி வறண்ட கால்வாய்க்குள் குதிக்கும்போது நம் பல் அதிரும்.

* * *

ஆரம்பித்தவன் மறுபடி வருகிறேன். எல்லாருக்கும் நன்றி, டைசன் வீட்டுக் காட்சியை இன்றே திரும்பப் பார்க்கப்போகிறேன்.

கடைசியில் அர்னால்டு உருகிய எஃகுக்குள் இறங்கிக் கட்டைவிரலை உயர்த்தும்போது மகள் அழுவாள் என்று கைக்குட்டையோடு காத்திருந்தேன். அழவில்லை, எதையோ யோசித்துக்கொண்டே இருந்தாள். படுக்கப் போகும்போது கேட்டாள்: "ஆரம்பத்துல வேலி ஓட்டையப் பாத்துக்கிட்டு ஒரு நிஜப் போலீஸ் நின்னாரே. அவர் செத்துட்டாராப்பா?"

ஓட்டிப் பார்த்தேன். பின்னாலிருந்து அடி விழுகிறது, அவர் சரிகிறார், துப்பாக்கி கைமாறுகிறது. அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்கள். இத்தனை தடவை பார்த்தும் அந்த ஆளை நான் ஒரு தடவைகூட நினைத்ததில்லை.