சிங்கப்பூருக்கு வேலைக்கு வருபவர் ஃபோனில் என்ன இருக்க வேண்டும்: அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பகுதியும் தலைப்பில் உள்ள இடத்தில் இருக்கும் ஒருவர் சொன்னது)

ஜூரோங் ஈஸ்ட்

"என்ன ஆப் போடணும்?" என்றுதான் புதிதாக வரும் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: எந்த நம்பர், எந்த ஃபோன், எந்த வரிசை. இது சரியாக இருந்தால் ஆப் போடுவது அரை மணி நேர வேலை. இது தப்பினால் ஊர் பேங்க் கணக்கு, ஆதார், டிஜிலாக்கர் எல்லாம் ஒரே நாளில் பூட்டிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் ஓடிபி போவது அந்தப் பழைய இந்திய நம்பருக்குத்தான்.

ஆகவே இந்திய சிம்மைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு சிம் போடும் ஃபோனாக வாங்குங்கள். இன்டர்நேஷனல் ரோமிங்கை ஊரில் இருக்கும்போதே திறந்துவிட வேண்டும். இங்கே வந்த பிறகு திறக்கப் போனால் அதற்கே ஓடிபி கேட்டு அலைக்கழிக்கும். பெரும்பாலான திட்டங்களில் ரோமிங்கில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு இல்லை. ஆனால் அழைப்பை எடுத்தாலும், டேட்டா ஓடினாலும் காசு போகும். அதனால் அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள்.

ஓடிபி வந்துகொண்டிருந்தாலே சிம் உயிரோடு இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதிப்படி 90 நாள் பயன்பாடே இல்லாத இணைப்பை நிறுவனம் துண்டிக்கலாம். உள்ளே வரும் எஸ்எம்எஸ் அந்தப் பயன்பாட்டுக் கணக்கில் சேராது. பேசுவது, எஸ்எம்எஸ் அனுப்புவது, டேட்டா பயன்படுத்துவது, கட்டணம் கட்டுவது இவைதான் சேரும். ப்ரீபெய்டில் 20 ரூபாயாவது இருப்பு இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு 30 நாள் நீட்டிப்பார்கள். எதற்கும் வேலிடிட்டி திட்டத்தை விட்டுவிடாமல் போட்டு வாருங்கள். ரீசார்ஜ் முடியும் தேதியை ஃபோன் காலண்டரில் ஒரு வாரம் முன்னதாகவே நினைவூட்டும்படி போட்டுவிடுங்கள். நம்பர் ஒருமுறை வேறு ஆளுக்குப் போய்விட்டால், அதை மீட்க ஊருக்கே போனாலும் கிடைக்காது.

—

காக்கி புக்கிட்

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புது ஃபோன் வாங்குவதாக இருந்தால் விமானம் ஏறுவதற்கு முன் வாங்கி, யுபிஐ ஆப் எல்லாவற்றையும் அதில் பதிந்து, ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்துவிட்டு வாருங்கள். யுபிஐ ஆப் புதிய ஃபோனில் பதியும்போது உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ்ஸை அதுவாகவே அனுப்பும். அந்த சிம் அந்த ஃபோனில்தான் இருக்கிறது என்று சரிபார்ப்பதற்காக. சிங்கப்பூரில் இருந்து செய்தால் அது வெளிநாட்டிலிருந்து போகும் எஸ்எம்எஸ். சிம்மில் அதற்கான இருப்பு இல்லாவிட்டால் "சரிபார்க்க முடியவில்லை" என்று மட்டும் காட்டும். காரணம் சொல்லாது. இரண்டு சிம் இருந்தால் எந்த சிம் என்று கேட்கும் இடத்தில் இந்திய சிம்மைத் தேர்ந்தெடுக்கவும்.

என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கு (வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான பேங்க் கணக்குகள்) இருந்தால் +65 என்று தொடங்கும் சிங்கப்பூர் நம்பரையே யுபிஐயில் பதியும் வழி 2023 முதல் இருக்கிறது. முதலில் அனுமதித்த 10 நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. அந்த +65 நம்பர் உங்கள் ஊர் பேங்க்கில் பதிவாகியிருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

ப்ளே ஸ்டோர் விஷயம். ஊர்க் கணக்கின் நாட்டை அவசரப்பட்டு மாற்றாதீர்கள். கூகுள் ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்ற விடும். பழைய நாட்டில் இருக்கும் இருப்பைப் புது நாட்டில் செலவழிக்க முடியாது. இங்கே வந்தபின் இரண்டாவதாக ஒரு கூகுள் கணக்கு திறந்து அதே ஃபோனில் சேர்த்துக்கொண்டால், ஸ்டோரில் கணக்கை மாற்றி மாற்றி இரண்டு நாட்டு ஆப்களையும் இறக்கலாம். ஐஃபோனில் நாடு மாற்ற வேண்டுமென்றால் இருப்பு பூஜ்யமாகவும் சந்தாக்கள் எல்லாம் முடிந்தும் இருக்க வேண்டும்.

—

உட்லண்ட்ஸ்

வந்து இறங்கியதும் ஓட்ட வேண்டிய வரிசை: உள்ளூர் நம்பர், பிறகு சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசின் டிஜிட்டல் அடையாளம்), பிறகு பேங்க், பிறகு பேநவ் (ஃபோன் நம்பரைப் போட்டுப் பணம் அனுப்பும் வசதி).

ஃபின் என்ற வெளிநாட்டவர் அடையாள நம்பர் கைக்கு வந்தவுடன் சிங்பாஸ் பதியலாம். 15 வயதுக்கு மேற்பட்ட எந்தப் பாஸ் வைத்திருப்பவரும் பதியலாம். வொர்க் பெர்மிட் ஆட்களுக்கு இல்லை என்று சொல்வது தவறு. ஆப்பைத் தமிழிலும் மாற்றிக்கொள்ளலாம். பதிவு நிற்கும் இடம் பெரும்பாலும் பெயரும் தேதியும்தான். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பெர்மிட் அட்டையில் ஒரு மாதிரி இருந்தால், அட்டையில் இருப்பதை எழுத்து மாறாமல் போடுங்கள். அப்படியும் நின்றால் சிங்பாஸ் கவுண்டருக்கு அட்டையோடு நேரில் போய்விடுவதே வேகமான வழி.

சிங்பாஸ் ஆப் ஒரு நேரத்தில் ஒரு ஃபோனில்தான் இருக்கும். புது ஃபோனில் போட்டால் பழையது செயலிழக்கும். உள்ளூர் நம்பரை மாற்றுவதாக இருந்தால், பழைய சிம் வேலை செய்யும்போதே சிங்பாஸிலும் பேங்க்கிலும் நம்பரை மாற்றுங்கள். ப்ரீபெய்டு சிம்மைக் காலாவதியாக விட்டுவிட்டு, அப்புறம் ஓடிபி வராமல் திண்டாடுவதுதான் டார்மில் (தொழிலாளர் விடுதியில்) திரும்பத் திரும்பப் பார்க்கிற பிரச்சினை.

இனி முக்கியமானது. ஏஜென்ட், சூப்பர்வைசர், ரூம் நண்பர், யார் கேட்டாலும் சிங்பாஸ் கடவுச்சொல்லையோ ஓடிபியையோ கொடுக்காதீர்கள். யாரோ அனுப்பும் கியூஆரை சிங்பாஸில் ஸ்கேன் செய்யாதீர்கள். "சர்வே நிரப்பினால் காசு" என்று வரும் கியூஆருக்குப் பின்னால் இருப்பது உங்கள் பெயரில் திறக்கப்படும் பேங்க் கணக்கோ ஃபோன் லைனோதான். அந்தக் கணக்கில் மோசடிப் பணம் புழங்கினால் போலீஸ் முதலில் தேடி வருவது உங்களை. பெர்மிட்டே போய்விடும்.

மனிதவள அமைச்சின் எஸ்ஜிவொர்க்பாஸ் ஆப்பையும் போட்டு வையுங்கள். அட்டையின் கியூஆரை ஸ்கேன் செய்தால் பெர்மிட் இப்போது செல்லுமா, முடிந்துவிட்டதா, ரத்தாகிவிட்டதா என்று தெரியும். அட்டையில் அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். ஆப் காட்டுவதுதான் உண்மை நிலை. மாதம் ஒருமுறை பாருங்கள்.

—

செங்காங்

பேங்க் ஆப்பில் மூன்று இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலாவது, ஸ்டோருக்கு வெளியே இருந்து இறக்கிய ஆப். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் ஏபிகே கோப்பு, படம் பார்க்கும் ஆப், ரம்மி, இப்படி ஏதாவது. 2023 ஆகஸ்டில் ஓசிபிசி தொடங்கி வைத்தது, மற்ற பெரிய பேங்க்குகளும் பின்பற்றின: ஆபத்தான அனுமதி கொண்ட வெளி ஆப் ஃபோனில் இருந்தால் பேங்க் ஆப் திறக்காது. பேங்க்கைத் திட்டிப் பயனில்லை. ஆக்சசிபிலிட்டி அனுமதி வாங்கிய ஆப்பால், திரையில் நீங்கள் தட்டுவதையெல்லாம் பார்க்கவும் உங்களுக்குப் பதிலாகத் தட்டவும் முடியும். அந்த ஆப்பை நீக்கிவிட்டு ஃபோனை அணைத்து ஏற்றினால் பேங்க் ஆப் திறந்துவிடும்.

இரண்டாவது, டிஜிட்டல் டோக்கன், அதாவது பேங்க் ஆப்புக்குள்ளேயே இருந்து உங்களைச் சரிபார்க்கும் சாவி. டோக்கன் வைத்திருப்பவர்களுக்கு லாகின் எஸ்எம்எஸ் ஓடிபியை நிறுத்துவதாக 2024 ஜூலையில் அறிவித்தார்கள். இப்போது ஃபோன்தான் சாவி. புது ஃபோனில் டோக்கன் ஏற்றினால் குறைந்தது 12 மணி நேரம் பெரிய வேலைகள் எதுவும் நடக்காது. திருடன் உங்கள் டோக்கனைக் கடத்தினாலும் நீங்கள் விழித்துக்கொள்ள அவகாசம் வேண்டும் என்பதற்காக வைத்தது. சம்பள நாளன்று ஃபோன் மாற்றாதீர்கள். ஊருக்குக் கிளம்பும் அன்றும் வேண்டாம்.

மூன்றாவது, பேநவ். நம்பரைப் போட்டதும் பெறுபவர் பெயர் திரையில் வரும். அதை வாசிக்காமல் அழுத்துவதால்தான் காசு தவறிப் போகிறது. அனுப்பிவிட்டால் பேங்க் தானாகத் திருப்பித் தராது.

சேமிப்பு ஓரளவு சேர்ந்தவர்கள் பேங்க் ஆப்பில் பணத்தைப் பூட்டி வைக்கும் வசதியைப் போட்டு வையுங்கள். பூட்டிய தொகையை ஆப் வழியாக யாராலும் எடுக்க முடியாது; நீங்களே நேரில் போய்த்தான் திறக்க வேண்டும். ஊரில் வீடு கட்டவோ தங்கைக்குக் கல்யாணம் செய்யவோ வைத்திருக்கும் காசுக்கு அந்த அலைச்சல் தகும்.

—

லிட்டில் இந்தியா

ஊருக்குக் காசு அனுப்புவதைப் பற்றி.

"கட்டணம் இல்லை" என்ற விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். மாற்று விலையில் மறைத்து வைத்திருப்பார்கள். கணக்குப் போடுவது எளிது: அனுப்பும் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இவ்வளவு, எல்லாக் கழிவும் போக ஊர்க் கணக்கில் விழும் ரூபாய் இவ்வளவு. இந்த இரண்டை மட்டும் இரண்டு மூன்று ஆப்களில் ஒரே நிமிடத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வெள்ளிக்கு 50 பைசா குறைத்துக் கொடுத்தால் 1,000 வெள்ளிக்கு 500 ரூபாய் போய்விடும். வெளியே 5 வெள்ளி கட்டணம் வாங்கி நல்ல விலை தருகிறவரே சில நாள் மலிவாக இருப்பார். வைஸ் என்ற பணம் அனுப்பும் ஆப், சந்தையின் நடு விலையைக் காட்டிக் கட்டணத்தைத் தனியாக எழுதும். ஒப்பிட அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம், அனுப்புவது எதில் வேண்டுமானாலும் இருக்கட்டும்.

சின்னத் தொகைக்கு பேநவ்–யுபிஐ இணைப்பு இருக்கிறது. 2023 பிப்ரவரி 21இல் தொடங்கியது. அம்மாவின் யுபிஐ ஐடியைப் போட்டால் நிமிடத்துக்குள் போய்ச் சேரும். நாளைக்கு 1,000 வெள்ளி வரைதான். ஆளுக்கு ஆள் அனுப்ப மட்டும். கடைக்குக் கட்ட முடியாது. தொடக்கத்தில் இந்தியன் பேங்க், ஐஓபி, ஸ்டேட் பேங்க், ஐசிஐசிஐ உள்ளிட்ட சில பேங்க்குகள்தான் இருந்தன, பிறகு கூட்டினார்கள். இங்கே டிபிஎஸ் பேங்க்கும் லிக்விட் குரூப் என்ற நிறுவனமும் தொடங்கி வைத்தன. மருந்து வாங்க, ஸ்கூல் ஃபீஸ் கட்ட என்று அவசரத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

உங்கள் பெயரிலேயே ஊரில் சேர்ப்பதென்றால் பழைய சேவிங்ஸ் கணக்கில் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். வெளிநாட்டில் வேலைக்கு வந்தபின் அதை என்ஆர்ஓவாக மாற்ற வேண்டும் என்பது ஃபெமா என்ற இந்திய அந்நியச் செலாவணிச் சட்டம். இங்கே சம்பாதித்ததை என்ஆர்இ கணக்குக்கு அனுப்பினால் அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, பின்னால் வெளியே எடுக்கவும் தடையில்லை.

தெரியாத ரெமிட்டன்ஸ் ஆப் என்றால் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் நிறுவனப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

—

தோ பாயோ

பஸ், எம்ஆர்டி (மெட்ரோ ரயில்). சுருக்கமாகச் சொல்கிறேன்.

வந்த முதல் வாரம் ஊர் விசா, மாஸ்டர்கார்டு தட்டினாலும் கதவு திறக்கும். ஆனால் வெளிநாட்டு அட்டைக்குத் தட்டும் ஒவ்வொரு நாளும் 60 காசு (சென்ட்) கூடுதல். இங்கே பேங்க் அட்டை வந்ததும் மாறிவிடுங்கள், அதையே பயணக் கட்டண ஆப்பான சிம்ப்ளிகோவில் சேர்த்தால் ஒவ்வொரு பயணமும் தெரியும்.

ஏறும்போது ஃபோனைத் தட்டி இறங்கும்போது அட்டையைத் தட்டாதீர்கள். ஒரே அட்டைதான் என்றாலும் ஃபோனுக்குள் அதற்கு வேறு எண். இயந்திரத்துக்கு அது இரண்டு ஆள், இரண்டுக்கும் முழுக் கட்டணம் விழும்.

மாறிப் போகும்போது தூரத்துக்கு மட்டும் கட்டணம் வேண்டுமென்றால்: 2 மணி நேரத்துக்குள் 5 மாற்றம் வரை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடையே 45 நிமிடத்துக்குள். அடுத்தடுத்து ஒரே நம்பர் பஸ் ஏறினால் மாற்றமாகக் கணக்கில் வராது.

மைட்ரான்ஸ்போர்ட் ஆப்பில் பஸ் ஸ்டாப்பின் 5 இலக்க எண்ணைப் போட்டால் வரும் நேரம் தெரியும். பச்சை என்றால் உட்கார இடம், மஞ்சள் என்றால் நிற்க இடம், சிவப்பு என்றால் கூட்டம்.

—

பிடோக்

மோசடி அழைப்புக்கு எளிய அடையாளம் ஒன்று. உள்ளூரில் இருந்து வரும் அழைப்புக்கு முன்னால் + வராது. திரையில் +65 என்று தொடங்கி யாராவது கூப்பிட்டால் அது வெளிநாட்டிலிருந்து சிங்கப்பூர் நம்பர்போல வேடமிட்டு வருவதாக இருக்கலாம். "அமைச்சிலிருந்து பேசுகிறோம், உங்கள் பெர்மிட்டில் பிரச்சினை" என்று தமிழில்கூடப் பேசுவார்கள். வைத்துவிடுங்கள்.

எஸ்எம்எஸ்ஸில், பதிவு செய்யாத பெயரில் வருவது 2023 ஜனவரி 31 முதல் "மோசடியாக இருக்கலாம்" என்ற ஆங்கிலத் தலைப்போடுதான் வரும். அரசு நிறுவனங்கள் 2024 ஜூலை 1 முதல் ஒரே அனுப்புநர் பெயரில் அனுப்புகின்றன: ஜிஓவி, புள்ளி, எஸ்ஜி.

ஸ்கேம்ஷீல்டு ஆப்பில் நம்பரையோ இணைப்பையோ போட்டுச் சரிபார்க்கலாம். சந்தேகம் என்றால் 1799, நாள் முழுக்க. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் முதலில் பேங்க் ஆப்பிலேயே கணக்கை முடக்குங்கள், பிறகு பேங்க்குக்கு ஃபோன், பிறகு போலீஸ். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நிமிடக் கணக்கில் காசு வேறு கணக்குகளுக்குப் பறந்துவிடும்.

—

மார்சிலிங்

அப்பா அம்மாவை அழைத்து வருபவர்களுக்கு: சிங்கப்பூருக்குள் நுழைய நிரப்பும் படிவமான எஸ்ஜி அரைவல் கார்டு இலவசம். வந்து சேரும் தேதிக்கு முந்தைய 3 நாளுக்குள், குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் மைஐசிஏ ஆப்பில் நிரப்ப வேண்டும். கூகுளில் தேடினால் முதலில் வரும் சில தளங்கள் இதற்குக் காசு கேட்கின்றன. கொடுக்காதீர்கள், பாஸ்போர்ட் விவரமும் சேர்ந்தே போய்விடும். இது விசா இல்லை என்பதையும் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் போவதற்கு: இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை மலேசிய விசா தேவையில்லை. ஆனால் மலேசியாவின் டிஜிட்டல் அரைவல் கார்டு 2024 ஜனவரி 1 முதல் கட்டாயம், அதுவும் 3 நாளுக்குள், இலவசம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு வேண்டாம் என்பதைக் கேட்டுவிட்டு நமக்கும் வேண்டாம் என்று போய் வரிசையில் நிற்பவர்கள் அதிகம். உட்லண்ட்ஸ், துவாஸ் சாவடிகளில் 2024 மார்ச் முதல் மைஐசிஏ கியூஆர் உண்டு. ஒரு காரில் வரும் 10 பேர் வரை ஒரே கியூஆர். பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துத்தான் போக வேண்டும், கியூஆர் அதற்குப் பதில் அல்ல.

ரயிலில் போக மலேசிய ரயில் நிறுவனத்தின் கேடிஎம்பி ஆப். உட்லண்ட்ஸிலிருந்து 5 வெள்ளி, ஜொகூரிலிருந்து திரும்ப 5 ரிங்கிட், ஓட்டம் 5 நிமிடம். சனி ஞாயிறு டிக்கெட் வேகமாகத் தீர்ந்துவிடும்.

எங்கள் பக்கம் இன்னொரு தொல்லை: உட்லண்ட்ஸ், கிராஞ்சி, துவாஸ் பகுதியில் ஃபோன் சில நேரம் மலேசிய நெட்வொர்க்கைப் பிடித்துவிடும். நெட்வொர்க்கைத் தானியங்கியில் விடாமல் உங்கள் நிறுவனத்தைக் கைமுறையாகத் தேர்ந்தெடுத்து வைத்தால் ரோமிங் கட்டணம் விழாது.

—

துவாஸ் சவுத்

கடைசியாக, இணையமே இல்லாமல் வேலை செய்ய வேண்டியவை.

ஐபிஏ என்ற முன் ஒப்புதல் கடிதத்தின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். அடிப்படைச் சம்பளம் அதில்தான் இருக்கிறது. சம்பளத் தகராறு வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். மாதாமாதம் பே ஸ்லிப், தினமும் டைம் கார்டு, இவற்றையும் படம் எடுங்கள். கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் இருந்தால் போதும் என்று விடாதீர்கள், குழுவிலிருந்து நீக்கினால் கையில் எதுவும் இருக்காது. படங்களை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள்.

கூகுள் ட்ரான்ஸ்லேட்டில் தமிழ், ஆங்கிலம், சீனம் மூன்றையும் வைஃபையில் இறக்கி வைத்தால் தளத்தில் சிக்னல் இல்லாத இடத்திலும் மொழிபெயர்க்கும். மைஎன்வ் ஆப்பில் மழை, மின்னல், டெங்கிப் பகுதிகள் தெரியும். உயரத்தில் வேலை செய்பவர்கள் மின்னல் அறிவிப்பைத் திறந்து வையுங்கள்.

ஃபோனில் சேமிக்க வேண்டிய எண்கள்: போலீஸ் 999, ஆம்புலன்ஸும் தீயணைப்பும் 995, பேச முடியாத நிலையில் போலீஸுக்கு எஸ்எம்எஸ் 70999, வெளிநாட்டு ஊழியர் நிலையம் 6536 2692. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி பெர்மிட் அட்டைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் இறங்கிய ஃபோனில் எண் எடுக்க முடியாது.