சார்லட் ஓவலில் முதன்முறையாக ஸ்டாக் கார் ஓட்டப் போகிறேன்: எதில் கவனம் வைக்க வேண்டும்?

மல்லிகைப்பந்தல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் வட கரோலினாவில், சார்லட் நகரத்துக்கு அருகில் வசிக்கிறேன். கணவரும் மகளும் நாஸ்கார் என்ற அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயம் பார்க்கும்போது கூட உட்காரத் தொடங்கி, இப்போது வீட்டிலேயே மிகுந்த ஆர்வத்தோடு பார்ப்பது நான்தான் என்றாகிவிட்டது. அதனால் என் பிறந்தநாளுக்காக, கான்கார்டில் உள்ள சார்லட் மோட்டார் ஸ்பீட்வே என்ற ஓவல் (நீள்வட்ட) தடத்தில் ஸ்டாக் காரை, அதாவது சாதாரணக் காரின் தோற்றத்தில் அமைந்த பந்தயக் காரை, நானே ஓட்டுவதற்குப் பதிவு செய்து கொடுத்திருக்கிறார்கள். எட்டு நிமிடம் தடத்தில் இருக்கலாம் என்றும், பக்கத்தில் யாரும் அமர மாட்டார்கள் என்றும், ஹெல்மெட்டுக்குள் ஒலிக்கும் ரேடியோ வழியாகப் பயிற்றுநர் வழிகாட்டுவார் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

ஊரில் இருந்தவரை கியர் வண்டி ஓட்டியிருக்கிறேன். இங்கு வந்த பிறகு ஆட்டோமேட்டிக் கார்தான். கியரை நினைத்தும் கவலை, அந்த வளைவுகளை நினைத்தும் கவலை. போன மே மாதம் 600 மைல் பந்தயத்துக்குப் போனபோது வேலியோரம் நின்று பார்த்தேன். தொலைக்காட்சியில் சாதாரணச் சரிவாகத் தெரிகிற அந்த இடம் நேரில் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. அதில் கார் வழுக்காமல் எப்படி நிற்கிறது என்பதே எனக்கு விளங்கவில்லை. யாரிடமும் வேகத்தைக் காட்டிப் பெயர் வாங்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. கிடைக்கிற அந்தச் சில நிமிடங்களில் காரை முறையாக ஓட்டினேன் என்று எனக்கே தோன்ற வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் எதில் கவனம் வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

நான்காம் கியர் (மறுமொழி)

வாழ்த்துகள் தோழி. கியர் கவலையை முதலில் தீர்த்துவிடலாம், ஏனென்றால் அது பிட் ரோட்டிலிருந்து (கார்கள் வந்து நிற்கும் பக்கப் பாதை) கிளம்பி வேகம் எடுக்கும் வரைக்கும்தான். 2022 முதல் நாஸ்காரின் முதன்மைப் போட்டியான கப் தொடரில் ஓடும் புதிய தலைமுறைக் கார்களில் கம்பியை முன்னும் பின்னும் தள்ளி வரிசையாக மாற்றும், ஐந்து கியர் கொண்ட சீக்வென்ஷியல் அமைப்பு வந்துவிட்டது என்றாலும், இத்தகைய பயிற்சிகளுக்குப் பெரும்பாலும் முந்தைய தலைமுறைக் கார்களையே தருகிறார்கள்; அவற்றில் நாம் பழகிய அதே எச் வடிவத்தில் நான்கு கியர்கள்தான் இருக்கும். கிளட்ச் கனமாக இருக்கும், அது பிடிக்கும் இடம் மிகக் குறுகியதாக இருக்கும், முதல் கியரும் அதிக வேகத்துக்கு ஏற்ப அமைந்தது. ஆகவே ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் விட்டால் இன்ஜின் நின்றுவிடும். பயிற்றுநர் சொல்லும் அளவுக்கு இன்ஜின் சுழற்சியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கிளட்சைத் தயங்காமல் ஒரே சீராக விடுங்கள். நான்காவது கியருக்கு வந்துவிட்டால் மறுபடி பிட் ரோட்டுக்குத் திரும்பும் வரை கியர் கம்பியைத் தொட வேண்டியதே இல்லை. அதற்கு முன்பு ஒருமுறை யாருடைய கியர் காரையாவது கேட்டு வாங்கி, காலி மைதானம் ஒன்றில் கிளம்புவதை மட்டும் பழகிக்கொண்டால் போதும்.

உங்கள் கவனத்துக்கு உரியது கண்தான். கை கண்ணைப் பின்தொடரும், கார் கையைப் பின்தொடரும். நேர்ப்பாதையின் முடிவில் காரின் மூக்குக்கு முன்னால் உள்ள தார்ப்பரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் வளைவு திடீரென்று மேலே வந்து விழுவதுபோல் இருக்கும். பதறிப்போய்ச் ஸ்டியரிங்கை வெட்டி வெட்டித் திருப்புவீர்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே பார்வை வளைவின் நடுப்பகுதிக்குப் போய்விட வேண்டும். கார் நடுப்பகுதியை எட்டும்போது பார்வை வெளியேறும் இடத்தில் இருக்க வேண்டும். வெளியேறும்போது வலப்பக்கத்துச் சுவர் நெருங்கி வரும். அதை நேருக்கு நேர் பார்க்காதீர்கள், ஏனெனில் எதைப் பார்க்கிறோமோ அதை நோக்கியே கை காரைக் கொண்டுபோகும்.

செல்ல வேண்டிய பாதையைப் பயிற்றுநர்கள் வகுப்பிலேயே வரைந்து காட்டுவார்கள். மேல்புறத்திலிருந்து வளைவுக்குள் இறங்கி, நடுவில் உட்புறக் கோட்டை ஒட்டி வந்து, வெளியேறும்போது காரை அதன் போக்கில் சுவர்ப்பக்கம் விட்டுவிட வேண்டும். இப்படிச் சென்றால் வளைவின் ஆரம் பெரிதாகும். ஆரம் பெரிதானால் ஸ்டியரிங்கைக் குறைவாகத் திருப்பினால் போதும், டயரின் பிடிப்பும் மிச்சமாகும். உட்புறக் கோட்டுக்கும் கீழே ஏப்ரன் என்று ஒரு தட்டையான பட்டை உண்டு. வேகமாகப் போகும்போது இடப்பக்கச் சக்கரங்கள் அதில் இறங்கிவிடக் கூடாது; சரிவும் தட்டையும் சேரும் இடத்தில் கார் குலுங்கி நிலைதடுமாறும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கார்கள் இடப்பக்கம் திரும்புவதற்காகவே அமைக்கப்பட்டவை. வலப்பக்க டயர்களின் சுற்றளவு இடப்பக்க டயர்களைவிடச் சற்றே அதிகம் என்பதால், நேர்ப்பாதையில்கூடக் கார் இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். முதல் சுற்றில் பலருக்கு ஏதோ பழுது என்றே தோன்றும். உண்மையில் நேர்ப்பாதையில் ஸ்டியரிங்கை லேசாக வலப்பக்கம் பிடித்திருப்பதும், வளைவு வந்ததும் அந்தப் பிடியைத் தளர்த்திக் காரைத் தானாக உள்ளே போக விடுவதும்தான் இதை ஓட்டும் முறை. அது கைக்குப் பிடிபட்ட பிறகு கிடைக்கும் இன்பத்தை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சாய்தளம் (மறுமொழி)

நான் இயற்பியல் கற்பிப்பவன், நீண்டகாலமாக இந்தப் பந்தயங்களைப் பின்தொடர்பவன். கார் ஏன் வழுக்காமல் நிற்கிறது என்ற கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் அந்தப் பதில் தெரிந்தால் அச்சத்தில் பாதி குறைந்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

சார்லட் தடத்தின் நீளம் ஒன்றரை மைல், அதாவது 2.4 கிலோமீட்டர். வளைவுகளின் சாய்வு 24 பாகை. வளைவின் ஆரம் ஏறக்குறைய 200 மீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், மணிக்குச் சுமார் 106 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காருக்கு அந்தச் சரிவில் உராய்வின் துணையே தேவையில்லை. சாய்வு மட்டுமே காரை வளைத்துக் கொண்டுபோய்விடும். அதைவிட மெதுவாகப் போனால் கார் கீழ்நோக்கிச் சரியப் பார்க்கும், நீங்களும் இடப்பக்கம் சாய்வீர்கள். சரிவில் மெதுவாகப் போவதுதான் நெருடலாக இருக்கும் என்று ஓட்டியவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே.

வேகம் 180 கிலோமீட்டர் ஆகும்போது நிலைமை மாறுகிறது. அதே 200 மீட்டர் ஆரத்தில், 70 கிலோ எடை உள்ளவர் 100 கிலோ இருப்பவரைப் போல இருக்கையில் அழுந்துவார். கூடவே அவருடைய எடையில் முக்கால் பங்கு அளவுக்கு வலப்புறம் தள்ளப்படுவார். உங்களை அழுத்தும் அதே விசை காரையும் தடத்தோடு சேர்த்து அழுத்துகிறது என்பதால் டயர்களுக்குக் கூடுதல் பிடிப்பு கிடைக்கிறது. தட்டையான சாலையில் இந்த வேகத்தையும் இந்த வளைவையும் சேர்த்து எந்தக் குடும்பக் காராலும் சமாளிக்க முடியாது. நீங்கள் வேலியோரம் நின்று பார்த்த அந்தச் செங்குத்துச் சரிவு உங்களைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டது.

மற்ற நாஸ்கார் தடங்களில், டேடோனாவில் இந்தச் சாய்வு 31 பாகை, டாலடேகாவில் 33 பாகை. மாறாக மார்ட்டின்ஸ்வில்லில் 12 பாகைதான். அங்கே அரை மைல் தடத்தில் பிரேக்கை வாட்டி எடுக்க வேண்டியிருக்கும். முதன்முறை ஓட்டுபவருக்குச் சார்லட் நல்ல தேர்வு என்பது என் கருத்து.

உங்களுக்கு ஊக்கம் தரக்கூடிய ஒரு வரலாற்றுச் செய்தியும் உண்டு. விமானப் பொறியியலில் பணியாற்றியவரான ஜேனட் கத்ரி அம்மையார், 1976ஆம் ஆண்டு இதே சார்லட்டில் நடந்த 600 மைல் பந்தயத்துக்காகத்தான் ஸ்டாக் கார் ஓட்டவே வந்தார். அதற்கு முன்பு அவர் ஓட்டியவை வேறு வகைப் பந்தயக் கார்கள். பெண்ணால் அந்தத் தூரத்தைத் தாங்க முடியுமா என்று வெளிப்படையாகவே கேட்டவர்கள் நடுவில் அவர் முழுப் பந்தயத்தையும் ஓட்டி 15ஆம் இடத்தில் முடித்தார்.

கோவைத்தடம் (மறுமொழி)

மேலே சொன்னவை எல்லாம் சரி. ஒரே ஒரு யோசனை. வாய்ப்பு இருந்தால், நீங்கள் ஓட்டுவதற்கு முன்பு தொழில்முறை ஓட்டுநர் பக்கத்தில் அமர்ந்து சில சுற்றுகள் போய் வாருங்கள். வளைவுக்குள் எந்த இடத்தில் அவர் காலைத் தளர்த்துகிறார், எங்கே மறுபடி மிதிக்கிறார் என்பதை மட்டும் காதால் கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஜின் ஒலியிலேயே அது தெரிந்துவிடும். அவருடைய வேகத்தை நீங்கள் எட்டத் தேவையில்லை.

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் சிறிய ஃபார்முலா கார் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். நம் ஊர்த் தடங்களில் இடம், வலம் என்று மாறி மாறித் திரும்பி, ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக் பிடித்துப் பழகியவர்களுக்கு ஓவல் முற்றிலும் வேறு உலகம். நம் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் வரை போய்விட்டு, 2010ஆம் ஆண்டு நாஸ்கார் டிரக் (பிக்கப் வண்டி) தொடரில் மார்ட்டின்ஸ்வில் தடத்தில் அறிமுகமாகி 13ஆம் இடம் பெற்றபோது நாங்கள் எல்லோரும் அவ்வளவு மகிழ்ந்ததற்குக் காரணம், அந்த மாற்றம் எவ்வளவு கடினம் என்று எங்களுக்குத் தெரிந்திருந்ததுதான்.

மல்லிகைப்பந்தல் (கேள்வி கேட்டவர்)

இவ்வளவு பொறுமையாக எழுதிய மூவருக்கும் மிக்க நன்றி. அந்த 106 கிலோமீட்டர் கணக்கை மகளிடம் காட்டினேன். அவள் தாளில் போட்டுப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு எனக்கு உண்மையிலேயே தெம்பு வந்தது. இரண்டு ஐயங்கள் மீதம் இருக்கின்றன. நான் கண்ணாடி அணிபவள், குறுகிய இடத்தில் அடைபட்டால் மூச்சு முட்டுவதுபோல் உணர்பவள். அந்த இருக்கைக்குள் எப்படி இருக்கும்? ஒருவேளை கார் சுழன்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

நான்காம் கியர் (மறுமொழி)

கண்ணாடியோடு ஓட்டலாம். ஹெல்மெட்டை முதலில் போட்டுக்கொண்டு, முன்புறத் திறப்பு வழியாகக் கண்ணாடியைச் செருகிக்கொள்ளுங்கள். மெல்லிய, நேரான காதுக்கம்பி கொண்டதாக இருந்தால் நல்லது. காலுக்குக் கனமில்லாத, அடிப்பாகம் மெல்லிய காலணி போதும்.

உள்ளே எப்படி இருக்கும் என்பதை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன், தெரிந்துகொண்டு போனால் திகைப்பு இருக்காது. காருக்குக் கதவு கிடையாது. ஜன்னல் வழியாகக் காலை முதலில் விட்டு, கூரையைப் பிடித்துக்கொண்டு இருக்கைக்குள் இறங்க வேண்டும். இடம் கிடைப்பதற்காக ஸ்டியரிங் வளையத்தைக் கழற்றி வைத்திருப்பார்கள். உட்கார்ந்ததும் இடுப்புப் பட்டையை முதலில் இறுக்குவார்கள், பிறகு தோள்பட்டைகளை. மார்பு அசையாத அளவுக்கு இறுக்குவார்கள். அந்த இறுக்கம் தேவையானது. அடுத்து, கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவியின் பட்டைகளை ஹெல்மெட்டின் இருபுறமும் மாட்டுவார்கள். 2001 பிப்ரவரியில் டேடோனாவில் நடந்த பந்தய விபத்தில் புகழ்பெற்ற ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்த பிறகு, அதே ஆண்டு அக்டோபரில் தலையையும் கழுத்தையும் காக்கும் இவ்வகைக் கருவியை நாஸ்கார் கட்டாயமாக்கியது. அதை மாட்டிய பிறகு தலையைப் பக்கவாட்டில் அதிகம் திருப்ப முடியாது, முன்னால் பார்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. பின்னர் ஸ்டியரிங்கை அதன் தண்டில் செருகுவார்கள். கிளிக் என்ற ஒலி கேட்டதும் நீங்களே ஒருமுறை உங்கள் பக்கம் இழுத்துப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். கடைசியாக ஜன்னல் வலையை மேலே தூக்கிப் பூட்டுவார்கள். மூச்சு முட்டும் உணர்வு வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும். ஹெல்மெட்டின் முன்மறைப்பைத் திறந்து வைத்து, மூச்சை நீளமாக வெளியே விட்டபடி, முன்கண்ணாடிக்கு வெளியே தூரத்தில் உள்ள ஒரு பொருளைப் பாருங்கள். இன்ஜின் கிளம்பியதும் கார் முழுவதும் அதிரும். அப்போது மனம் வேலையில் இறங்கிவிடும். எதிரே வேகமானி இருக்காது. இன்ஜினின் சுழற்சியைக் காட்டும் டாக்கோமீட்டர் மட்டுமே இருக்கும் என்பதால், வேகத்தைப் பற்றி நினைக்கவும் வழியில்லை. அது நல்லதே.

சுழல்வதைப் பற்றி. பயிற்றுநர் குறித்த வரம்புக்குள் ஓட்டுபவருக்கு அது அரிது. பெரும்பாலும் வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுப்பதால்தான் நேர்கிறது. அப்படி எடுத்தால் எடை முன்சக்கரங்களுக்குப் போய், பின்புறம் லேசாகி வெளியே நழுவும். லூஸ் என்று இவர்கள் சொல்வது இதைத்தான். காலைத் தளர்த்துவது எல்லாம் வளைவுக்கு முன்பே, நேர்ப்பாதையில், படிப்படியாக முடிந்துவிட வேண்டும். பின்புறம் லேசாக நழுவினால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் பெரிதாகத் திருப்பிவிடாதீர்கள். டயர் மறுபடி பிடிக்கும் கணத்தில் கார் நேரே வெளிச்சுவரை நோக்கிப் பாயும், சாதாரணச் சுழற்சியைவிட அது ஆபத்து. கார் முழுதாகச் சுழலவே தொடங்கிவிட்டால் கிளட்சையும் பிரேக்கையும் ஒருசேர முழுவதுமாக மிதித்துப் பிடியுங்கள். நின்ற பிறகு, தீ இல்லாதவரை, பெல்ட்டைக் கழற்றாமல் உள்ளேயே இருந்து ஜன்னல் வலையை மட்டும் கீழே இறக்கிவிடுங்கள். ஓட்டுநர் நலம் என்பதற்கான அடையாளம் அது. உதவிக்கு வருபவர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது. சராசரியாக 190 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு சுற்றுக்கு 45 வினாடிதான் ஆகும். சில நிமிடங்கள் அப்படி ஓட்டிவிட்டுப் பிட் ரோட்டுக்குத் திரும்பும்போது, 100 கிலோமீட்டர் வேகம்கூட ஊர்வதுபோல் தோன்றும். பலர் இந்த இடத்தில்தான் வேகத்தைக் குறைக்கத் தவறுகிறார்கள். கண் சொல்வதை விட்டுவிட்டு, ரேடியோவில் பயிற்றுநர் சொல்லும் நேரத்தில் பிரேக்கை மிதியுங்கள். அவர் சொன்னதும் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு மாற்றி, காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். பணியாளர் வந்து வலையை இறக்கும் வரை ஸ்டியரிங்கில் கை இருக்கட்டும்.