கணப்படுப்புப் புகை வீட்டுக்குள் வருகிறது, யாராவது வழி சொல்லுங்களேன்

எங்கள் வீட்டுக் கணப்படுப்பில் விறகு பற்ற வைத்தால் முதல் பத்து நிமிடம் புகை மேலே போகாமல் கூடத்துக்குள் வருகிறது. அப்புறம் ஓரளவு சரியாகிவிடும். ஆனால் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் மறுபடியும் புகை! ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்தால் நின்றுவிடுகிறது. ஃபேன் இழுக்கும் காற்றுக்கு ஈடாகப் புகைபோக்கி வழியே வெளிக்காற்று இறங்குகிறது என்றுதான் நினைக்கிறேன். குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிர்காய்வது என்ன கூத்தோ!

டேம்பர் (புகைபோக்கியைத் திறந்து மூடும் தகடு) முழுசாகத் திறந்துதான் இருக்கிறது. போன மாதம் கரி சுரண்டிச் சுத்தம் செய்தாயிற்று. விறகும் ஒரு வருடம் காய்ந்தது, மீட்டரில் ஈரப்பதம் 18 சதவீதம். புகைபோக்கி வெளிச்சுவரில் இருப்பதால் எப்போதும் சில்லென்று கிடக்கிறது. பற்றவைக்கும் முன் செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி டேம்பர் அருகே பிடித்தால் கொஞ்சம் பலன் தெரிகிறது.

அடுப்பு வாய் அகலம் அதிகமோ என்றும் சந்தேகம். வாயின் மேற்பக்கம் தகடு பொருத்திச் சிறிதாக்கியவர்கள் இருக்கிறீர்களா? இல்லை, வெளிக்காற்றுக்குத் தனிக் குழாய் வைப்பதுதான் சரியா? கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டியிருக்கிறேன், இதுவரை அலறவில்லை.